ஃபிஃபா சமூகத்துக்கு வியாசர்பாடியிலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: பிரேசில் ரசிகன் ஒருவன், வியாசர்பாடி, சென்னை.

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், ஃபிஃபா தலைமையகம், சூரிக், சுவிட்சர்லாந்து.

பொருள்: 2026 உலகக் கோப்பையை நேரில் காணப் பயணத் திட்டம் – ஐயம் தெளிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

எங்கள் பேட்டைக்கு 'மினி பிரேசில்' என்று பெயர். இங்கே பையன்கள் நடக்கப் பழகியதும் பந்தை உதைப்பார்கள், உதைக்கப் பழகியதும் மஞ்சள் சட்டை கேட்பார்கள். நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஏலச்சீட்டு எடுத்த பணத்தில் இந்த முறை பிரேசிலை நேரிலேயே பார்த்துவிடலாம் என்று தீர்மானித்து, ஒரு நோட்டும் பேனாவும் வாங்கித் திட்டம் போட உட்கார்ந்தேன். நோட்டு தீர்ந்துவிட்டது. அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

2022-ல் கத்தாரில் நடத்தினீர்கள். எட்டு மைதானங்களும் தோஹாவிலும் அதைச் சுற்றியும்தான். ஒரே அறையில் தங்கிக்கொண்டு, மெட்ரோவில் போய், ஒரே நாளில் இரண்டு மேட்ச் பார்த்தவர்களும் உண்டு. ரசிகனுக்கு இவ்வளவு வசதி ஆகாது என்று தங்களுக்குப் பட்டிருக்க வேண்டும். இந்த முறை அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ என்று 3 நாடுகள், 16 நகரங்கள், 48 அணிகள், 104 ஆட்டங்கள். வான்கூவரிலிருந்து மயாமிக்கு ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர்.

பிரேசிலின் முதல் சுற்று வரை எனக்குக் குழப்பமில்லை. ஜூன் 13 மொராக்கோவுடன் நியூஜெர்சியில், 19 ஹைட்டியுடன் ஃபிலடெல்ஃபியாவில், 24 ஸ்காட்லாந்துடன் மயாமியில். அதற்கப்புறம்தான் தங்கள் திறமை தெரிகிறது. குழுவில் முதலிடம் வந்தால் ஜூன் 29 ஹூஸ்டன். இரண்டாமிடம் வந்தால் அதே ஜூன் 29, ஆனால் மெக்ஸிகோவின் மான்டெரே. மூன்றாமிடம் வந்தால் (வராது, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்) பாஸ்டன், நியூஜெர்சி, மெக்ஸிகோ சிட்டி, இந்த மூன்றில் ஏதோ ஒன்று. எது என்று கேட்டால், 12 குழுக்களில் மூன்றாமிடம் வந்தவர்களில் எந்த எட்டுப் பேர் தேறுகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அதற்கு 495 விதமான சேர்க்கைகளைப் போட்டு ஓர் அட்டவணையே வெளியிட்டிருக்கிறீர்கள். 24-ஆம் தேதி ஆடி முடித்தவனுக்கு 27-ஆம் தேதி இரவு வரை ஊர் தெரியாது. 29-ஆம் தேதி அவன் பாஸ்டனில் இருக்க வேண்டியிருக்கலாம். எங்கள் தெரு ஜோசியரிடம் அந்த அட்டவணையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதைவிட ஜாதகப் பொருத்தமே பரவாயில்லை தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஊர்ப் பெயர்களிலும் ஒரு சின்ன ஐயம். பாஸ்டன் என்று தாங்கள் சொல்வது ஃபாக்ஸ்பரோ. டல்லாஸ் என்பது ஆர்லிங்டன். சான் பிரான்சிஸ்கோ என்று நம்பி அறை எடுத்தவன் சாண்டா கிளாராவுக்குப் போக வேண்டும். சென்னை மேட்ச் என்று சொல்லி செங்கல்பட்டில் இறக்கிவிடுகிற மாதிரி. நியூயார்க்கின் பெயரைத் தாங்கிய இறுதிப் போட்டி மைதானம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் இருக்கிறது.

போகட்டும், டிக்கெட்டுக்கு வருகிறேன். டிக்கெட் விற்பனையை 2025 செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டீர்கள். யார் யாரோடு ஆடுகிறார்கள் என்று குலுக்கிப் பார்த்தது டிசம்பர் 5. மாப்பிள்ளை யார் என்று தெரியாமலே மொய் வாங்கிக்கொண்ட முதல் கல்யாண வீடு தங்களுடையது. அதுவும் போதாதென்று, டிக்கெட் வாங்கும் உரிமையைத் தனியாக விற்றீர்கள். ஐயா, நான் பட்டா நிலம் பார்த்திருக்கிறேன், புறம்போக்கு பார்த்திருக்கிறேன். வாங்கலாம் என்பதையே விலைக்கு வாங்குவதை இப்போதுதான் பார்க்கிறேன். வாங்கிய டிக்கெட் வேண்டாமென்று தங்கள் தளத்திலேயே மறுபடி விற்றால், விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம். ஆயிரம் டாலர் டிக்கெட் கை மாறினால் முந்நூறு டாலர் தங்களுக்கு. எங்கள் பக்கத்து வீட்டு புரோக்கர் இதைக் கேட்டதிலிருந்து சூரிக் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்.

2018-ல் இந்த மூன்று நாடுகளும் போட்டியை நடத்தக் கேட்டபோது 21 டாலர் டிக்கெட் என்றார்கள். 2025 டிசம்பரில் வெளியான பட்டியலில் இறுதிப் போட்டியின் ஆகக் குறைந்த டிக்கெட் 4,185 டாலர். ஐரோப்பிய ரசிகர்கள் கூச்சல் போட்டதும் மனமிரங்கி 60 டாலர் டிக்கெட் அறிவித்தீர்கள். தகுதி பெற்ற அணிகளின் சங்கங்கள் வழியாக, விசுவாசமான ரசிகர்களில் சிலருக்கு மட்டும். இந்தியா தகுதி பெறவில்லை, ஆகவே என் விசுவாசம் செல்லாது. 2024 ஜூனில் தோஹாவில் தகுதிச் சுற்றில் கத்தாரோடு நாங்கள் ஆடியபோது பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனதை எல்லோரும் பார்த்தோம். நடுவர் பார்க்கவில்லை, கோல் கொடுத்துவிட்டார். அந்தப் பந்து வெளியே போன கணக்கில் எனக்கு ஒரு 60 டாலர் டிக்கெட் ஒதுக்க முடியுமா?

அடுத்தது விசா. டிக்கெட் வைத்திருப்பவருக்கு நேர்காணல் தேதி சீக்கிரம் கிடைக்க வழி செய்திருக்கிறீர்கள், நன்றி. தேதிதான் கிடைக்கும், விசா கிடைக்குமா என்பது ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரக ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவரின் விருப்பம். கட்டணம் 185 டாலர், மறுத்தாலும் திரும்பாது. ஊருக்குத் திரும்பி வருவேன் என்பதை அங்கே நான் நிரூபிக்க வேண்டும். ஐயா, காலிறுதியில் பிரேசில் தோற்றதும் மறு விமானத்தில் திரும்பிவிடும் ஆள் நான். 2018-ல் பெல்ஜியம், 2022-ல் குரோஷியா; இரண்டு முறையும் காலிறுதி. இதைவிட உறுதியான சான்று எந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது? இதைக் குறிப்பிட்டுத் தங்கள் கைப்பட ஒரு கடிதம் தந்தால் நேர்காணலில் காட்டுவேன். அமெரிக்க அதிபருக்குச் சமாதானப் பரிசு கொடுத்த கை அது; அங்கே செல்லும் என்று நம்புகிறேன். கனடாவில் ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு வேறு விசா, வேறு கட்டணம். நல்ல வேளையாக பிரேசிலை அந்தப் பக்கம் அனுப்பவில்லை.

இவையெல்லாம் ஆகாது என்றால் மாற்றாக ஒன்று கோருகிறேன். பிரேசில்–மொராக்கோ ஆட்டம் எங்களுக்கு ஜூன் 14 விடியற்காலை 3.30 மணிக்கு. முல்லை நகர் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்து, டீக்கடைக்காரரைத் தூங்கவிடாமல் வைத்திருந்து பார்ப்போம். தரையில் உட்காருபவருக்கு நான்காம் வகுப்பு, பிளாஸ்டிக் நாற்காலிக்கு இரண்டாம் வகுப்பு, மாடியிலிருந்து பார்ப்பவருக்கு முதல் வகுப்பு என்று தாங்களே விலை போட்டுக்கொள்ளலாம். பிரேசில் கோல் அடித்தால் விலையை ஏற்றிக்கொள்ளவும் சம்மதம். மழை வந்து யாராவது எழுந்து போய் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்தால், இருவரிடமும் 15 சதவீதம் வசூலித்து சூரிக்குக்கு மணியார்டர் அனுப்பிவிடுகிறேன்.

கமிஷன் போக டீ செலவு யாருடையது என்பதை மட்டும் மறு தபாலில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
தகுதி பெறாத நாட்டின் ரசிகன்.