இரண்டு நாளில் ரோம்

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர், இரண்டே நாள் ரோமில் இருக்கப்போகிறோம். ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். சண்டை வராமல் ஊர் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஐந்து பட்டியலையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், ரோமப் பேரரசைவிட நீளமாகிவிடும்! ஆளுக்கு ஒரே இடம். மற்ற நால்வரும் முணுமுணுக்காமல் கூட வரவேண்டும். கொலோசியத்துக்கு நாளும் நேரமும் குறித்து முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள். பக்கத்திலிருக்கும் ஃபோரமும் அதிலேயே அடக்கம். அங்கே மக்சென்டியஸ் மண்டபம் எழும்புமுன் மிளகுக் கிடங்கு இருந்தது. முசிறியில் கப்பலேறிய நம் மிளகு குவிந்த இடம், அவசியம் நின்று பாருங்கள்.

பாந்தியனுக்குப் போகும்போது மட்டும் கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். ஹாட்ரியன் காலத்துக் கான்கிரீட் குவிமாடம் அது. விட்டம் 43 மீட்டர், தரையிலிருந்து உச்சியும் அதே 43 மீட்டர். உள்ளே கம்பி இல்லை, நடுவில் தூணும் இல்லை. உச்சியில் திறந்த வட்டம்; அதற்குக் கண்ணாடி கிடையாது. மழை நேரே உள்ளே விழுந்து, தரையிலுள்ள துளைகள் வழியே வடியும். மழை நாளில் போக வாய்த்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

வத்திக்கான் அருங்காட்சியகத்தை ஓட்டமாக ஓடிப் பார்ப்பதைவிட அடுத்த முறைக்கு விடலாம். தாகத்துக்குத் தெருக்குழாய் போதும், நல்ல தண்ணீர். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையிலிருந்து பீறிட்டு வரும். கோபத்தில் இருக்கும் நண்பரை முதலில் அங்கே அழைத்துப் போங்கள்.