கவின் அப்பா, 2பி

கவின் அப்பாவின் பெயர் எனக்குத் தெரியாது. மடிப்பாக்கத்தில் ஒரே மாடியில் பக்கத்துப் பக்கத்து வாசலில் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறோம். அவர் வீட்டில் ஆள் இல்லாதபோது கூரியர்காரருக்கு நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். இருந்தும் தெரியாது. பிள்ளையை ஸ்கூலில் சேர்த்த அன்றைக்கே இந்த ஊரில் ஆம்பளைக்குப் பெயர் போய்விடுகிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவர் 'கவின் அப்பா 2பி'. காய்கறிக்காரருக்கும் வாட்ச்மேனுக்கும் கவின் அப்பா. அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறார். அந்தக் காலத்தில் புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று சொல்லாமல் இருந்தார்கள். இந்த அம்மாவுக்கு மறந்திருக்கலாம்.

கவின் என்பதும் நான் வைத்த பெயர்தான். ஆக, இதில் வருகிற யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஆள் மட்டும் உண்டு. உங்கள் மாடியிலும் ஒருவர் இருப்பார்.

கவின் அப்பா வீட்டுப்பாடத்துக்குப் பரம விரோதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடிக்கு வடகம் காயவைக்கப் போனவர்கள்கூட அவரிடமிருந்து தப்பி வந்ததில்லை. "2018 மே மாசமே ஹைகோர்ட் சொல்லிடுச்சு சார், ஒண்ணாங்கிளாஸ் ரெண்டாங்கிளாஸுக்கு ஹோம்வொர்க்கே கூடாதுன்னு. நவம்பர்ல சென்ட்ரல் கவர்மென்ட் சர்க்குலர் வேற. பை ஒண்ணரைக் கிலோவுக்கு மேல இருக்கக் கூடாது. 2020ல ஸ்கூல் பேக் பாலிசி. மூணாங்கிளாஸ்லேருந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்குமே வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்தான். வாரத்துக்கு சார், நாளைக்கு இல்லை!" எல்லாமே அவர் போனில் பி.டி.எஃப். ஆக இருக்கிறது. கேட்காமலே அனுப்புவார். விமானத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வைத்திருக்கிறார். அந்த வீட்டிலிருந்து இதுவரை யாரும் விமானம் ஏறியதாகத் தெரியவில்லை. தினமும் காலையில் அதில் தொங்குவது கவினின் பை. 3 கிலோ 800, தண்ணீர் பாட்டில் நீங்கலாக.

நானும் சும்மா இருக்கவில்லை. மால்குடியை எழுதிய ஆர்.கே. நாராயண் 1989இல் மாநிலங்களவையில் எழுந்து பேசியபோது, எடுத்துக்கொண்ட விஷயமே பள்ளிக்கூடத்துப் பைதான், பிள்ளைகள் முதுகு கூனுகிறது என்று வருத்தப்பட்டார், அதையொட்டித்தான் யஷ்பால் குழு அமைந்து 1993இல் அறிக்கை கொடுத்தது என்று எடுத்துக்கொடுத்தேன். மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை எனக்கே சொன்னார்.

வீட்டுப்பாடத்தைக் கண்டுபிடித்தவர் என்று இத்தாலிக்கார வாத்தியார் ஒருவரின் பெயர் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது, ராபர்ட்டோ நெவிலிஸ் என்று. 1905ஆம் வருஷம், வெனிஸ் நகரம் என்று விலாசமெல்லாம் உண்டு. அப்படி ஒரு மனிதர் இருந்ததற்கு ஆதாரமே கிடையாது. கலிபோர்னியாவில் பதினைந்து வயசுக்குக் கீழே வீட்டுப்பாடம் கூடாது என்று 1901லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். கண்டுபிடிப்பதற்கு நாலு வருஷம் முன்பே தடை செய்ய முடியுமா? இதைச் சொன்னபோது கவின் அப்பாவின் முகம் வாடிவிட்டது. தினம் ராத்திரி பெயர் சொல்லித் திட்ட அவருக்கு ஓர் ஆள் தேவையாக இருந்திருக்கிறது.

இது காலை நேரத்து கவின் அப்பா. ராத்திரி எட்டு மணிக்கு சோழிங்கநல்லூரிலிருந்து வருகிறவர் வேறு ஆள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "டைரியில என்ன போட்டிருக்கு?" எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது நாலரை இன்ச் சுவர். டி.வி. அதிகம் ஓடாத வீடு என்னுடையது. ஆகவே போன வருஷம் முழுக்க நானும் ரெண்டாங்கிளாஸ் படித்தேன்.

"52லேருந்து 27 போகணும். ரெண்டுலேருந்து ஏழு போகுமா?"

"போகாது."

"அப்ப என்ன பண்ணணும்? பக்கத்து வீட்டுல கடன் வாங்கணும்."

"அங்கிள் கிட்டயாப்பா?"

"டேய், பக்கத்துல இருக்கிற அஞ்சுகிட்ட. அஞ்சு ஒண்ணு குடுத்துட்டு நாலாயிடும். ரெண்டு பன்னெண்டாயிடும்."

"ஒண்ணுதானே குடுத்துச்சு, எப்படிப்பா பத்து வந்துச்சு?"

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இருபது வருஷ வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கிற மனிதர். ஒன்று கைமாறினால் பத்தாகிற விவகாரம் அவருக்குப் புதிதல்ல. எடுத்துச் சொல்லத்தான் வரவில்லை.

"எப்பப்பா திருப்பிக் குடுக்கணும்?"

"குடுக்க வேண்டாம்டா," என்றார். அந்தக் குரலில் இருந்தது ஏக்கம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல்: "கடன்லாம் சொல்லாதீங்க, மிஸ் வேற மாதிரி சொல்லிக் குடுத்திருக்காங்களாம்." உடனே யூடியூப். பிறகு வகுப்புக் குழு. ஒன்பது மணிக்கு அந்தக் குழுவைப் பார்த்தால் ரிசல்ட் நாள் மாதிரி இருக்கும். 'ஈவிஎஸ் 34ஆம் பக்கம் யாராவது போட்டோ போடுங்க ப்ளீஸ்.' 'நாலு கோடு நோட்டா, ரெண்டு கோடு நோட்டா?' 'நாளைக்கு டிக்டேஷன் இருக்கா?' எங்கேயோ ஓர் அம்மா மட்டும் எல்லாவற்றையும் ஆறு மணிக்கே முடித்துவிட்டு, முத்து முத்தான கையெழுத்தைப் படம் எடுத்துப் போடுவார். அந்த அம்மாவை மற்ற முப்பத்தைந்து வீடுகளும் மனசுக்குள் என்ன சொல்லும் என்பதை இங்கே அச்சிட முடியாது.

இந்தி வந்துவிட்டால் வீடே மௌன விரதம். கவின் அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கு சீரியலில் கேட்டுப் பழகிய நாலு வார்த்தை. இந்தியில் 'க' நாலு இருக்கிறது. நாம் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு கம்பன் வரைக்கும் ஓட்டிவிட்டோம். அவர் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் க1, க2, க3, க4 என்று எழுதிவைத்து, வயிற்றிலிருந்து ஒன்று, தொண்டையிலிருந்து ஒன்று என்று சொல்லிப் பார்ப்பார். இருமுகிறாரோ என்று நான் ஒருநாள் வெந்நீர் வேண்டுமா என்று கேட்டேன்.

டியூக் பல்கலைக்கழகத்து ஹாரிஸ் கூப்பர் என்ற ஆராய்ச்சியாளர் வருஷக்கணக்கில் வீட்டுப்பாடத்தையே ஆராய்ந்தவர். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுப்பாடத்துக்கும் பெரிய சம்பந்தம் தென்படவில்லை என்று 2006இல் எழுதினார். கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் வகுப்புக்குப் பத்து நிமிஷம் என்று ஒரு கணக்கு அங்கே உண்டு. ரெண்டாங்கிளாஸுக்கு இருபது நிமிஷம். இருபது நிமிஷத்தில் கவின் பென்சில் சீவி முடித்திருப்பான். பிறகு தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு குடித்த தண்ணீருக்காகப் போய்வர வேண்டும். பிறகு ரப்பரைக் காணோம். ரப்பர் கிடைத்ததும் தூக்கம். பத்து மணிக்குக் கண் சொக்கிப் போன பிள்ளையைப் பார்த்து, "விடுங்க, நீங்களே எழுதிடுங்க" என்று தாயுள்ளம் சொல்லும். கவின் அப்பா இடது கையில் பென்சிலை எடுப்பார்.

இடது கை ஏன் என்று பிள்ளை இல்லாதவர்கள்தான் கேட்பார்கள். வலது கையில் எழுதினால் மிஸ் கண்டுபிடித்துவிடுவார். இடது கையில் எழுதினால் ஏழு வயசு. எஸ் கொஞ்சம் சாயும், ஜி கோட்டைவிட்டு இறங்கும், நம்பகமாக இருக்கும். ஒருநாள் லிஃப்டில் மெதுவாகச் சொன்னார்: "சார், நேத்து கர்சிவுக்கு ஸ்டார் போட்டிருக்காங்க." அப்ரைசலில் வாங்கிய எந்த மார்க்குக்கும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

எனக்குச் சிரிக்க யோக்கியதை இல்லை. என் மகள் மூன்றாவது படித்தபோது 'இலையின் பாகங்கள்' படத்துக்கு 'வெரி குட்' வாங்கியவன் நான். அவள் இப்போது காலேஜில் இருக்கிறாள். அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் சிகரம், கோடை விடுமுறை ப்ராஜெக்ட். தலைப்பு 'வீடுகளின் வகைகள்'. கவினுக்கு வந்தது இக்லூ. கத்திரி வெயிலில், மடிப்பாக்கத்தில், தண்ணி லாரிக்குக் குடம் வரிசை வைத்த தெருவில் பனிக்கட்டி வீடு கட்ட வேண்டும். ஸ்கூல் திறக்கிறதற்கு முந்தைய ராத்திரிதான் இது ஞாபகத்துக்கு வந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஒன்பதே முக்காலுக்கு ஸ்டேஷனரிக் கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்த கவின் அப்பாவைக் கடைக்காரர் ஏறிட்டும் பார்க்கவில்லை. "டூ பியா சார்? இக்லூவா? தெர்மாகோல் ரெண்டு, பஞ்சு ஒண்ணு, ஃபெவிகால் ஒண்ணு. கட்டி வச்சிருக்கேன். பென்குவின் தனியா முப்பது ரூபா." துருவக்கரடி இருக்கிற பக்கம் பென்குவின் கிடையாது என்பது கவின் அப்பாவுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அதைச் சொல்லப்போய்க் கடைக்காரர் கோபித்துக்கொண்டால்? இரண்டு வாங்கினார்.

ஸ்கூல் கண்காட்சியில் ஒன்பது இக்லூக்கள் வரிசையாக நின்றன, பதினெட்டு பென்குவின்களோடு. பிள்ளைகள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்பாக்கள் மட்டும் அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அடுத்தவர் வீட்டை ஓரக்கண்ணால் அளந்தார்கள். ஓர் இக்லூவுக்குள் எல்.இ.டி. பல்பு எரிந்தது. "அதெல்லாம் ஆள் வச்சுப் பண்றது சார்," என்றார் கவின் அப்பா, கசப்பாக. கவினைக் கூப்பிட்டு ஒரு மிஸ் எப்படிச் செய்தாய் என்று கேட்டிருக்கிறார். பையன் நேர்மையாகச் சொன்னான்: "அம்மா திட்டினாங்க. அப்பா செஞ்சாங்க. நான் தூங்கிட்டேன்."

நடுவில் ஒரு தடவை மன்னார்குடியிலிருந்து தாத்தா வந்திருந்தார். மூன்று நாள் இதையெல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தார். "எங்க வாத்தியாரும் எழுதிட்டு வரச்சொல்லுவார். சிலேட்டுதானே? பையில போட்டு வாய்க்கால் கரையோட நடந்தா, ஸ்கூல் போறதுக்குள்ள உரசி அழிஞ்சிடும். மிச்சத்தைக் கோவை இலையால தேச்சுடுவோம். எழுதினேன் சார் அழிஞ்சிடுச்சும்பேன். எழுதலேன்னு அவருக்கும் தெரியும்." கொஞ்ச நேரம் கழித்து, "இவன்தான் ஒழுங்கா எழுதுவான்," என்று பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டினார். பேரனையா மகனையா என்று நான் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மாவின் பையனும் அப்போது ரெண்டாவதுதான், அரசுப் பள்ளி. அவனுடைய ஹோம்வொர்க் பற்றி அந்த அம்மாவுக்கு அபிப்பிராயம் ஏதாவது உண்டா என்று ஒருநாள் கேட்டேன். "நான் வூட்டுக்குப் போகவே எட்டாவுது. யார் சொல்லிக்குடுக்கிறது? சாயங்காலம் தெருவுல ஒரு பொண்ணு பாடம் எடுக்குது, அங்க போவான். குடுத்தா அவனே எழுதிப்பான். எழுதலேன்னா டீச்சராச்சு அவனாச்சு." லீவு நாளில் அம்மாவோடு வந்த அந்தப் பையன் கவினோடு விளையாடிக்கொண்டிருந்தான். தரையில் கிடந்த கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு, பல்லாங்குழிப் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்தான். ஐந்து குவியல், உதிரி இரண்டு. "ஏழு எடுக்க இது பத்தாது, ஒரு குவியலக் கலைச்சிடு," என்று கலைத்தான். ஒன்று எப்படிப் பத்தாகிறது என்பது எனக்கும் அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது. கவின் அப்பா அப்போது பிரிண்ட் அவுட் எடுக்கப் போயிருந்தார்.

இந்த ஜூன் மாதம்தான் கவினின் ஸ்கூலிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் இல்லை. கவினுக்கு மூன்றாவது வந்துவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். அந்த ஸ்கூல் தாராளமாக மூன்றையும் சேர்த்துக்கொண்டது. அன்று ராத்திரி பக்கத்து வீட்டில் பரோட்டா. சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. குழுவில் கைகூப்பும் பொம்மைகள் ஐம்பதைத் தாண்டின.

இரண்டாம் நாள் அமைதி. மூன்றாம் நாள் லேசான கலக்கம்: 'கிளாஸ்ல என்ன நடத்தறாங்கன்னே தெரியலையே.' நாலாம் நாள் யாரோ விசாரித்துச் சொன்னார்கள், பக்கத்து ஸ்கூலில் ஏழாம் வாய்ப்பாடு வந்துவிட்டதாம். அவ்வளவுதான். ஐந்தாம் நாள் கவின் அப்பா லிஃப்டில் என்னிடம் ஃபீஸைப் பன்னிரண்டால் வகுத்துக் காட்டினார். "ஒண்ணுமே குடுக்காம இருந்தா எப்படி சார்? பழக்கம் விட்டுப்போயிடும்."

"யாருக்கு?" என்றேன்.

எங்கள் மாடி வந்துவிட்டது.

சனிக்கிழமை எட்டு பெற்றோர் பிரின்சிபாலைப் பார்க்கப் போனார்கள். முன்னால் போனவர் யார் என்று ஊகித்திருப்பீர்கள். பிரின்சிபால் அம்மாள் முப்பது வருஷ சர்வீஸ் போல. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மேஜை டிராயரிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தாராம். உயர் நீதிமன்ற உத்தரவு, சர்க்குலர், 3 கிலோ 800, ஆர்.கே. நாராயண் எல்லாம் அதில் இருந்தன. கீழே கையெழுத்து: கவின் அப்பா, 2பி. ஸ்கூலுக்கு எழுதிய கடிதத்தில்கூட அவர் பெயர் போடவில்லை.

நல்லபடியாகப் பேசி முடித்தார்கள். வீட்டுப்பாடம் கிடையாது. விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் தினம் நாலு தாள், பெயர் 'ஹேப்பி ஷீட்'. முப்பத்தாறு வீட்டிலும் விருப்பப்பட்டார்கள்.

நேற்று ராத்திரி எட்டரைக்கு வாசல் மணி அடித்தது. கவின் நின்றான், கையில் ஒரு முறுக்கு.

"அங்கிள், உங்க வீட்டு டி.வி.யில சோட்டா பீம் வருமா?"

"வரும். எழுதி முடிச்சிட்டியாடா?"

"அப்பா எழுதிட்டு இருக்காங்க. முடிச்சதும் கூப்பிடறேன்னாங்க."

உள்ளே வந்து சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டான். டி.வி.யைப் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "கவின்! ரப்பர் எங்கடா?"

"பையில முன் ஜிப்ல இருக்குப்பா!" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினான். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே, "தினம் இப்படித்தான் அங்கிள், ஒண்ணையும் ஒழுங்கா வச்சுக்க மாட்டாங்க," என்றான்.