கூடத்திணை: பழைய பெரிய ஸ்பீக்கர்களின் இருப்பிடம் குறித்து ஓர் ஆய்வு

தமிழில் கோயில் தூண்களுக்கு ஆய்வேடு உண்டு, உலக்கைப் பாட்டுக்கு உண்டு, ஊர்ப்பெயர்களில் வரும் பாடிக்கும் பட்டிக்கும்கூட உண்டு. இரண்டடி உயரமும் இருபது கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை, ஐந்து பேர் புழங்கும் ஹாலில் எங்கே வைப்பது என்பது குறித்து மட்டும் ஒரு கட்டுரையும் நம் கண்ணில் படவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம். இடைவெளிகளை நிரப்புவதில் ஆய்வுப் பொருளுக்கு இயல்பாகவே உள்ள திறமை இதற்குக் கைகொடுக்கும்.

ஆய்வுக் களம், சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றின் ஹால். பதினாறுக்குப் பத்தடி, உயரம் ஒன்பதரை. சிமெண்ட் பூச்சுச் சுவர், விட்ரிஃபைடு டைல்ஸ் தரை. ஆய்வுப் பொருள், 1970-இல் அமெரிக்காவின் ஜே.பி.எல். நிறுவனம் வெளியிட்ட எல்100 செஞ்சுரி ஒரு ஜோடி. ஒலிப்பதிவுக் கூடங்களுக்காகச் செய்த 4310 என்ற மாடலின் வீட்டு வடிவம் இது. பன்னிரண்டு அங்குல வூஃபர், வால்நட் வெனீர், முகப்பில் கட்டம் கட்டமாகப் புடைத்து நிற்கும் ஆரஞ்சு நிற ஃபோம். அந்த ஃபோம் வயதானால் உதிரும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் சொல்லாமலே உதிரும். புத்தக அலமாரியில் வைக்கும் வகை என்றுதான் இதை விற்றார்கள். கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளைச் சுமக்கிற அலமாரியும் இதைக் கண்டால் கொஞ்சம் யோசிக்கும்.

தொல்காப்பிய மரபில் நின்று முதல், கரு, உரி மூன்றையும் வரையறுத்துவிடுவோம். முதற்பொருளில் நிலம், ஹால். சிறுபொழுது, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் மற்ற எல்லாரும் கண்ணயரும் வேளை. கருப்பொருளில் தெய்வம், டி.வி. உணவு, சோபா இடுக்கில் விழுந்த மிக்சர். விலங்கு, பெட்டியின் காற்றுத் துவாரத்தில் குடியேறிய பல்லி. பறை, ஆய்வுப் பொருளேதான். உரிப்பொருள், ஊடலும் ஊடல் நிமித்தமும். மருதத்துக்கும் அதுதானே என்று தமிழ்த்துறையார் தடை எழுப்பலாம். மருதத்தில் ஊடலுக்குக் காரணம் பரத்தை, இங்கே வூஃபர்.

இவ்வளவு பெரிதாக ஏன் செய்தார்கள் என்பது வீட்டில் எழும் முதல் வினா. விடை காற்றில் இருக்கிறது. தாழ்ந்த சுரத்துக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். 1954-இல் எட்கர் வில்ச்சர் பெட்டியை இறுக மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக்கி ஏ.ஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். பெட்டி சிறுத்தது, ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கு வேலை கூடியது. அந்தத் துறையில் ஹாஃப்மனின் இரும்பு விதி என்று ஒன்று வழங்குகிறது. ஆழமான பாஸ், குறைந்த வாட்டில் நிறைந்த சத்தம், சிறிய பெட்டி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் கேட்டு வாங்கலாம் என்பது அதன் சாரம். வீட்டார் கேட்பது நான்காவது ஒன்றை: இருப்பதே தெரியக் கூடாது. அதற்கு ஹாஃப்மனிடம் விதி இல்லை.

முன்னோர் சிலர் இடப்பிரச்சினையை நேராகவே எதிர்கொண்டிருக்கிறார்கள். 1946-இல் பால் கிளிப்ஷ் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன், மூலையில் வைத்தால்தான் முழுமை பெறும். சுவர் இரண்டும் அதன் குழலின் நீட்சியாக வேலை செய்கின்றன. ஒரு ஜோடிக்கு இரண்டு காலி மூலை வேண்டும். நம் களத்தில் ஒரு மூலையில் இன்வெர்ட்டர், ஒன்றில் இருபது லிட்டர் தண்ணீர் கேன், ஒன்றில் செருப்பு ஸ்டாண்டு, ஒன்றில் குத்துவிளக்கு. 1957-இல் வந்த குவாட் மின்நிலை ஸ்பீக்கர் முன்னும் பின்னும் ஒருசேரப் பாடும்; எனவே அதைச் சுவரை விட்டு நன்றாக முன்னே இழுத்து வைக்க வேண்டும். அதாவது நடைபாதையில். அமர் போஸின் 901 (1968) ஒன்பது ஒலிப்பான்களில் எட்டைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. வீட்டில் பேச்சு நின்றுபோன காலங்களில் மனிதர்களும் ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான் பேசுகிறார்கள்.

நம் சொந்த மரபான வாஸ்துவையும் புறக்கணிக்கலாகாது. தென்மேற்காகிய கன்னி மூலையில் பாரம் ஏற வேண்டும், வடகிழக்காகிய ஈசானிய மூலை காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. சிக்கல் என்னவென்றால் ஸ்டீரியோவுக்கு ஒரு கன்னி மூலை போதாது. நெடிய மேற்குச் சுவரில் இரண்டையும் வைத்தால் ஒன்று கன்னி மூலையில் நின்று பாரமாகிவிடும். மற்றது வடமேற்காகிய வாயு மூலையில் நிற்கும், காற்றை அசைப்பதே அதன் தொழில் என்பதால் வாயுவும் குறை சொல்ல மாட்டார். ஆம்ப்ளிஃபயருக்கு அக்னி மூலையே உரியது. வால்வு வகையாக இருந்தால் பக்கத்தில் நின்று குளிரும் காயலாம். ஆனால் தென்கிழக்கிலிருந்து மேற்குச் சுவருக்கு ஒயர் ஹாலைக் கடந்துதான் போக வேண்டும். கால் இடறுவது குறித்து வாஸ்து வாய் திறக்கவில்லை. சாஸ்திரப்படி வைத்திருக்கிறேன் என்று சொன்னால் பெரியவர்களின் எதிர்ப்பு கணிசமாகத் தணிகிறது என்பதே இந்த அணுகுமுறையின் பெரும்பயன். ஈசானியத்தைக் காலி செய்தால் அங்கே துணி காயவைக்கும் ஸ்டாண்டு வந்துவிடும்.

இனி உரிப்பொருள். ஸ்டீரியோ பிறந்ததே இல்லறத்தின் வாசலில்தான். ஆலன் பிளம்லைன், பின்னாளில் மனைவியான டொரீனுடன் லண்டனில் சினிமா பார்க்கப் போனார். நடிகர் திரையின் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறெங்கோ இருந்து வருவது அவரை உறுத்தியது. இதற்கு ஒரு வழி தெரியும் என்று டொரீனிடம் சொன்னார். 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்த அம்மையார் அன்று தடுத்திருந்தால் நம் வீடுகளில் ஒரு பெட்டியோடு போயிருக்கும்.

நம் களத்தில் ஊடல் ஓர் உரையாடலாக வெளிப்படுகிறது. ஹால் நடுவே நாற்காலி போட்டு, கிழக்குச் சுவரில் உள்ள சமையலறை வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர் சொல்வது: "பாஸே வரல." சமையலறை வாசலிலிருந்து வருவது: "ஐயோ, சத்தத்தைக் குறைங்க, ஷோகேஸ்ல டம்ளர் ஆடுது." இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றே இதுவரை கருதப்பட்டு வந்திருக்கிறது. இல்லை. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். பத்தடி அகலத்தில் இரு சுவர்களுக்கு இடையே அது எதிரொலித்து நிற்கும் அலையாவது 56 ஹெர்ட்ஸை ஒட்டி. பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். நிற்கும் அலையின் அழுத்தம் சுவரோரங்களில் உச்சம், நட்டநடுவில் ஏறக்குறைய சூன்யம். எனவே நடுவில் உட்கார்ந்தவருக்குப் பாட்டில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் ஆள் இல்லாத வீடு. சுவரோரம் நிற்பவருக்கு அதே சுரம் நெஞ்சுக்கூட்டில். கேட்கவில்லையே என்று இவர் குமிழைத் திருக, அங்கே டம்ளர் ஆட, குறை என்று குரல் வர, இவர் அதைக் கலையுணர்வின்மை என்று எடுத்துக்கொள்ள, இரவுச் சாப்பாடு உப்புமாவாகிறது. இருவரும் உண்மையே பேசினார்கள். ஒலியளவு மானியை இருவர் கையிலும் கொடுத்துப் பார்த்தால் தெரியும். குடும்ப நீதிமன்றங்களில் ஹாலின் நீள அகலத்தைக் கேட்டுப் பதிவுசெய்யும் வழக்கம் வர வேண்டும் என்பது இவ்வாய்வின் பரிந்துரைகளில் ஒன்று.

நாற்காலியை நகர்த்தினால் தீருமே எனலாம். எங்கே நகர்த்துவது என்று கண்டறியவும் நெறிமுறை உண்டு. ஒலி தரும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் விளைவு மாறாது என்பது பரிமாற்ற விதி. ரேலி பிரபு 1877-இல் முதல் தொகுதி வெளியிட்ட ஒலியியல் நூலில் இதற்குப் பொது வடிவம் கொடுத்தார். (அந்த நூலை அவர் எழுதத் தொடங்கியது நைல் நதியில், படகுவீட்டில். ஹாலில் எழுத அவருக்கும் இடம் கிடைக்கவில்லை போலும்.) இதன்படி ஒரு ஸ்பீக்கரைத் தூக்கி நாம் உட்காரும் சோபாவில் உட்கார வைத்து, பாஸ் மிகுந்த பாட்டைப் போட்டு, நாம் தரையில் தவழ்ந்துபோய்ச் சுவரோரமாகக் காது வைத்துக் கேட்க வேண்டும். எங்கே பாஸ் தெளிவாக ஒலிக்கிறதோ அங்கே ஸ்பீக்கரை வைக்கலாம். அறிவியல்ரீதியாக இதில் குறை காண முடியாது. வேட்டியைத் தவிர்ப்பது நல்லது. சம்பந்தி வீட்டார் வருவதாகச் சொன்ன நாளையும்.

சம்பந்தி வீட்டார் என்றதும் நினைவுக்கு வருவது வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு புரியாமல் எதிரொலித்தது. அதைச் சரிசெய்யச் சொன்னதும் அவர் பக்கத்து அரங்கின் மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பி, எதிரொலி எத்தனை நொடி நிற்கிறது என்று காதாலேயே அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். அறையின் கன அளவை உறிஞ்சும் பரப்பால் வகுத்து 0.161-ஆல் பெருக்கினால் நொடிக் கணக்கு வரும். நம் ஹால் 43 கன மீட்டர். சிமெண்டும் டைல்ஸும் விழுகிற ஒலியில் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் உறிஞ்சும் என்று வைத்தால், சாமான் ஏற்றாத ஹாலில் எதிரொலி ஏட்டுக் கணக்கில் நாலரை நொடி. பாட்டு ஒன்று, அதன் ஆவி மூன்று. வளர்ந்த மனிதர் ஒருவர் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் உறிஞ்சுவார். ஆறு உறவினர் சோபாவில் அமர்ந்தால் எதிரொலி இரண்டு நொடிக்கும் கீழே இறங்கிவிடும். சொந்தபந்தம் இல்லாமல் நல்ல ஒலி இல்லை என்பது இதனால் நிறுவப்படுகிறது. அவர்கள் பேசாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நடைமுறையில் நிபந்தனை தோற்கிறது.

உறவினர் கிடைக்காத நாளில் ஜன்னல். திறந்த ஜன்னல் விழுகிற ஒலி முழுவதையும் விழுங்கும். சபைனே அதை அளவுகோலாகக் கொண்டார். நான்கடிக்கு நான்கடி ஜன்னல் ஒன்றைத் திறந்தால், இந்த ஹாலின் சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து உறிஞ்சும் அளவை அது ஒன்றே செய்துவிடும். விழுங்கியது எங்கே போகிறது என்பதை எதிர் பிளாக் செயலாளர் வந்து தெரிவிப்பார்.

ஊஞ்சல் உள்ள வீடுகள் தனி வகை. ஸ்பீக்கரை நோக்கி ஆடிவருபவருக்குச் சுருதி ஏறும், பின்னே போகையில் இறங்கும் என்பது 1842-இல் டாப்ளர் சொன்னதன் நேர்விளைவு. நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகம் என்றால் மாற்றம் ஆயிரத்தில் நான்கு பங்கு, அரைச் சுரத்தின் பத்தில் ஒன்றுகூட இல்லை. நல்ல கமகத்துக்குள் இது கரைந்துபோகும். ஊஞ்சலில் ஆடுபவருக்கு வித்வான் சுருதி சேரவில்லை என்று தோன்றினால் பழி வித்வானையே சாரும். இடப்பக்கப் பெட்டியை ஒட்டி உட்காரும் பாட்டியின் நிலைமை இன்னும் தெளிவானது. மேடை அமைப்பை அப்படியே பதிவுசெய்த கச்சேரியில் மிருதங்கம் இடப்பக்கம். அவருக்குக் கச்சேரி முழுவதும் தனி ஆவர்த்தனம்.

இந்த ஆய்வில் மிக விரிவான தரவு கிடைத்தது பெட்டியின் மேற்பரப்பு பற்றியே. இடுப்பளவுக்குக் கீழே சமதளமாக எது நின்றாலும் தமிழ் வீட்டில் அது ஸ்டாண்டு. முதலில் சாவிக்கொத்து வரும். அதன் மேல் கரண்ட் பில். பிறகு, வெறுமையாக இருக்கிறதே என்ற இரக்கத்தில் ஒரு குரோஷா விரிப்பு. விரிப்பு வந்துவிட்டால் அது பட்டா. அதன் மேல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணி பிளாண்ட் ஏறும். வெனீரில் ஈர வளையம் விழும். ஆட்சேபித்தால், இரண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க என்று மற்றப் பெட்டிக்கும் ஒரு பாட்டில் வரும். அடுத்து பித்தளைப் பிள்ளையார். 1787-இல் எர்ன்ஸ்ட் கிளாட்னி உலோகத் தகட்டில் மணலைத் தூவி, வில்லால் இழுத்து, அதிர்வு மணலை எப்படி நகர்த்துகிறது என்று காட்டினார். நம் பிள்ளையார் அதையே செய்கிறார். ஒரு பக்கம் ரெக்கார்டு ஓடி முடிவதற்குள் விளிம்புக்கு வந்துவிடுவார். அவரை மீண்டும் நடுவில் வைப்பது பக்தியாகக் கணக்கிடப்படும்.

நவராத்திரியில் நிலைமை உச்சம் அடைகிறது. கொலுப்படிக்கு டிரங்குப் பெட்டியும் ஸ்டூலும் தேடும் வீட்டில், ஒரே உயரமுள்ள கனத்த பெட்டி இரண்டு ஆடாமல் அசையாமல் நிற்கின்றன. மேலே பலகை, அதன் மேல் வெள்ளை வேட்டி. மூன்றாம் படி தயார். செட்டியாரும் செட்டிச்சியும் மரப்பாச்சியும் ஏறிவிடுவார்கள். கவனிக்க வேண்டியது இதன் ஒலியியல். மேடுபள்ளமான பரப்பு ஒலியைச் சிதறடித்துச் செம்மைப்படுத்தும் என்று 1970களில் மன்ஃபிரெட் ஷ்ரோடர் காட்டினார். ஒலிப்பதிவுக் கூடங்கள் அதற்காகவே பணம் கொடுத்து மரப்பலகைகள் பொருத்துகின்றன. அவற்றைக் காட்டிலும் மேடுபள்ளம் மிகுந்தது கிரிக்கெட் டீமும் தசாவதாரமும் அடுக்கிய கொலு. ஜமக்காளம் விரித்திருக்கும், பட்டுப்புடவைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், எதிரொலி அடங்கியிருக்கும். ஆண்டு முழுவதும் அந்த ஹால் காத்திருந்த ஒலியியல் நிறைவு அந்த ஒன்பது நாளில் தானாகவே வந்து சேர்கிறது. அந்த ஒன்பது நாளும் ஸ்பீக்கரைப் போடக் கூடாது, பொம்மை விழும். பாடுவதற்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

மேலாய்வுக்கு உரியவை: மார்கழியில் பக்கத்து வீட்டு ஸ்பீக்கருடன் நேரும் கட்ட வேறுபாடு, பல்லியை வெளியேற்ற உகந்த அதிர்வெண், ஒரே ஹாலில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களின் சகவாழ்வு. கடைசித் தலைப்புக்கு வேண்டிய ஜப்பான் பெட்டிகள் இரண்டு, முன்பக்கம் மரச்சட்டக் கட்டம் போட்டவை, நண்பர் வீட்டுக் கார் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் தயாராக உள்ளன. உரிய இடத்தில் இன்னும் அனுமதி கோரப்படவில்லை.