ஸ்டோர்ஸ் அண்ணன் கேட்ட பட்டியல்

1998-இல் ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்த பிறகு இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள் மளமளவென்று வந்தன. அப்படி ஒன்றில்தான் 2000-களின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒரு போல்ட்டுக்குக்கூட பார்ட் நம்பர் உண்டு. எந்த லாட், எந்த ஷிப்ட், யார் சோதித்தது என்று கேட்டால் ரெஜிஸ்டரைப் புரட்டிச் சொல்லிவிடுவார்கள். அதே ஷெட்டில் ஓடிய கணினிக்கு மட்டும் அந்தக் கணக்கு கிடையாது.

போல்ட்டுகளை முறுக்கும் விசையின் (டார்க்) அளவுகளைச் சேமிக்க போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தேவைப்பட்டது. எங்களிடம் இருந்த லினக்ஸ் சிடியில் இருந்தது பழைய பதிப்பு. ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டரில் மூலநிரலை இறக்கி, 1.44 எம்பி ஃபிளாப்பிகளில் துண்டு போட்டு, பஸ்ஸில் கொண்டுவந்து, ‘கேட்’ கட்டளையால் ஒன்றாகச் சேர்ப்போம். ஒரு ஃபிளாப்பி படிக்கவில்லை என்றால் மறுபடி பஸ்.

பிறகு மூன்று கட்டளைகள்: கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். முதலாவது, கம்பைலரும் வேண்டிய லைப்ரரிகளும் இருக்கின்றனவா என்று பார்க்கும். ‘ரீட்லைன்’ என்ற லைப்ரரி இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். அதைத் தேடிப் போனால் அது இன்னொன்றைக் கேட்கும். இரண்டாவது, 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. மாறிய கோப்பையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். அரை நூற்றாண்டாகியும் அந்த யோசனைக்கு வயதாகவில்லை என்பேன். மூன்றாவது, கட்டியதைக் கொண்டுபோய் யூஎஸ்ஆர் லோக்கல் அடைவில் வைத்துவிடும். எந்தக் கோப்பு எங்கே போனது என்று கணினியின் பொட்டல (பேக்கேஜ்) பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறாது.

ஸ்டோர்ஸில் இருந்த அண்ணன் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுக்கு பி.ஓ.எம். எங்க?” என்றார். அவருக்குக் கணினி தெரியாது. எந்தப் பொருளுக்கும் பாகப் பட்டியல் வேண்டும் என்பது தெரியும். அவர் கேட்ட பட்டியலோடு வருவதுதான் பொட்டலம். ஆர்பிஎம் ஆகட்டும், டெபியனின் டெப் ஆகட்டும், அதற்குள் பெயர், பதிப்பு, சார்புகள், கோப்புகள் எல்லாம் பதிவாகியிருக்கும். ‘செக்இன்ஸ்டால்’ என்ற சின்னக் கருவி கிடைத்த பிறகு மூன்றாவது கட்டளைக்குப் பதில் அதையே ஓட்டினோம். ஆள் வேலையை விட்டுப் போனாலும், என்ன நிறுவியிருக்கிறது என்பது கணினியிலேயே இருந்தது.

இன்று அந்த சிப்காட் சாலையில் போகும் கார்களுக்குள் திரை இருக்கிறது, அதற்குப் பின்னால் மென்பொருளும் இருக்கிறது. 2019 ஜனவரியில் ஹூண்டாய், கார்களுக்கான லினக்ஸை உருவாக்கும் ஆட்டோமோட்டிவ் கிரேடு லினக்ஸ் திட்டத்தில் சேர்ந்தது. அந்தத் திட்டத்தின் அடித்தளம், லினக்ஸை மூலநிரலிலிருந்து கட்டித் தரும் யோக்டோ. அதன் கட்டும் கருவி ‘பிட்பேக்’. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ‘ரெசிபி’ என்று ஒரு கோப்பு. மூலநிரல் எங்கே, அதன் சரிபார்ப்புத் தொகை என்ன, உரிமம் எது, எதைச் சார்ந்தது என்று அதில் எழுதிவிட்டால் ஒரே கட்டளை கர்னல் முதல் கடைசி லைப்ரரி வரை மூலநிரலிலிருந்து கட்டிப் பொட்டலமாக்கிக் கொடுக்கிறது. முதல் தடவை பல மணி நேரம் பிடிக்கும். நூறு ஜிபிக்கு மேல் இடம் கேட்கும். ஃபிளாப்பி சுமந்த எனக்கு இந்த எண் இன்னும் மலைப்புதான். மென்பொருளின் பாகப் பட்டியலையும் அதுவே எழுதித் தருகிறது. அதற்கு இன்று எஸ்.பி.ஓ.எம். என்று பெயர், உலகமெங்கும் வாங்குபவர்கள் கேட்கிறார்கள். அண்ணன் கேட்டது அதைத்தான்.

ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஷிப்டுக்குப் போகும் டிப்ளமோ தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாகம், லாட், தணிக்கை என்ற கட்டுப்பாடு உங்களுக்குக் கைவந்தது. மென்பொருளைப் பொட்டலமாக்கவும் அதே கட்டுப்பாடுதான் வேண்டும். ஒரு பழைய லேப்டாப்பில் டெபியன் போட்டு, உங்களுக்குப் பிடித்த ஒரு சிறிய மென்பொருளின் மூலநிரலை இறக்கி, இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு டெப் பொட்டலம் கட்டிப் பாருங்கள்.