பானட் திறந்தால் வருவார்

கொடைக்கானல் மலைப்பாதையில் பழைய கார் ஒன்று நின்றுபோனால் முதலில் வருவது குரங்கு. அடுத்து வருபவர்தான் நம்முடைய ஆள். குரங்குக்காவது ஜன்னலில் ஏதாவது தின்பண்டம் தெரிய வேண்டும். இவருக்கு பானட் திறந்திருந்தால் போதும்.

வயது ஐம்பத்தைந்துக்கு மேல். கழுத்தில் மஃப்ளர், வத்தலக்குண்டு வெயிலிலேயே சுற்றிக்கொண்டது. பின்னால் வந்த வேனிலிருந்து, வீட்டம்மா “ஏங்க, நமக்கெதுக்குங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் இறங்கியிருப்பார். “டயருக்கு ஒரு கல்லப் போடுங்கப்பா!” என்பது அவருடைய முதல் உத்தரவு. அவர் சொல்லப்போகிற எல்லாவற்றிலும் குற்றம் காண முடியாத யோசனை அது ஒன்றுதான். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இஞ்சினை எட்டிப் பார்த்து, மூக்கை ஒருமுறை உறிஞ்சி, “பெட்ரோல் வாசம் வருதே” என்பார். பெட்ரோல் காரில் வேறென்ன வாசம் வரும் என்று கேட்கிற தெம்பு நடுவழியில் நிற்பவனுக்கு ஏது?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான். அதற்குள் சுமார் 6,000 அடி ஏறியாக வேண்டும். காட் ரோடு வருவதற்கு முன்னால் துரைமார்கள் பெரியகுளம் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் குதிரையிலும் டோலியிலும் போனார்கள். டோலி நடுவழியில் நின்றால் காரணம் தேட வேண்டியதில்லை. தூக்கியவர் முகத்திலேயே எழுதியிருக்கும். மேஜர் லா என்ற ஆங்கிலேயர் பெயரில் இன்றும் வழங்குகிற பாதையில் மோட்டார் ஓடத் தொடங்கியதும்தான் காரணம் சொல்லும் உத்தியோகம் பிறந்திருக்க வேண்டும். 1958 முதல் 2014 வரை வந்த அம்பாசிடரும், 1983இல் வந்த மாருதி 800உம் அந்த உத்தியோகத்துக்கு அள்ளி அள்ளி வேலை கொடுத்தன.

நம்மவருக்குப் பிடித்தது, நின்று நின்று ஓடும் வண்டி. ஒரேயடியாகப் படுத்துவிட்ட வண்டியில் அவருக்கு ருசி இல்லை. அதைச் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான்கு வளைவு ஓடி, ஐந்தாவதில் நின்று, பத்து நிமிஷம் கழித்துத் தானே கிளம்பும் வண்டிதான் அவருக்கு உகந்தது. அந்தப் பத்து நிமிஷத்தில் எதைச் செய்தாலும் வண்டி கிளம்பிவிடும் அல்லவா? வயரை ஆட்டினால் வயர் கோளாறு. பேட்டரி டெர்மினலைத் தட்டினால் டெர்மினல் லூஸ். ஒன்றுமே செய்யாமல் முறைத்துக்கொண்டு நின்றிருந்தாலும் கிளம்பியிருக்கும் என்பது அவருக்கு எக்காலத்திலும் தெரியப்போவதில்லை.

அவர் தனியாக வருவதும் அபூர்வம். ஒருவர் ‘பெட்ரோல் வரலை’ கட்சி என்றால், எதிரே கீழிறங்கும் வண்டியிலிருந்து ‘கரண்ட் வரலை’ கட்சிக்காரர் ஒருவர் இறங்குவார்.

“பாயிண்ட் கருகியிருக்கும். சாண்ட் பேப்பர் இருக்கா?”

“பாயிண்ட்டெல்லாம் இல்ல சார், ஏசி பம்ப் சூடாயிருச்சு. ஈரத்துணி போடணும்.”

“வண்டில ஏசியே இல்லீங்களே” என்பார் பாவப்பட்ட சொந்தக்காரர்.

“அது வேற ஏசி!” இந்த ஒன்றில் மட்டும் இரண்டு கட்சிகளும் கூட்டணி.

இரண்டு பேர் சொல்வதிலும் சரக்கு இருக்கிறது, அதுதான் வம்பு. டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து கார்ப்பரேட்டருக்குத் தள்ளுகிற அந்த பம்ப் இஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும். மலையேற்றத்தில் இஞ்சின் கொதிக்கும்போது உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிட்டால், திரவத்தைத் தள்ளத் தெரிந்த பம்ப்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. ஈரத்துணி போட்டால் ஆறி, வண்டி கிளம்பும். கரண்ட் பக்கத்தில், கட்டைவிரல் அளவுள்ள கண்டென்சரும் அப்படித்தான். சூடானால் வேலை செய்யாது. ஆறினால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும். டெல்கோ என்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் மயிரிழை விரிசல் இருந்தால், பெருமாள்மலைப் பனியின் ஈரம் அதில் இறங்கி கரண்ட் வழி மாறிப் போய்விடும். 7,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதும் உண்மை. கார்ப்பரேட்டருக்கோ அது தெரியாது; சமவெளிக் கணக்கிலேயே பெட்ரோல் ஊற்றும். கரும்புகை வரும், பிளக் கருத்துப்போகும்.

ஆனால் நம்மவர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை தனி. அவருடைய சொந்த வண்டியில் கடைசியாக எது ரிப்பேர் ஆனதோ, அதுதான் உலகத்திலுள்ள எல்லா வண்டிகளுக்கும் கோளாறு. போன தீபாவளிக்குக் காயில் மாற்றியவர் இந்தத் தீபாவளி வரை காயில்தான் சொல்வார். “எங்க ஆபீஸ் ஜீப்புல இதே மாதிரிதான்...” என்று அவர் ஆரம்பித்தால், ஓய்வு பெற்று எத்தனை வருஷம் ஆகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதையும் சொல்வார்.

டம் டம் பாறைக்குச் சற்று மேலே ஓர் அம்பாசிடர் நின்றிருந்தபோது நம்மவரைப் பக்கத்தில் நின்று பார்க்க வாய்த்தது. எதிர்ப்பள்ளத்தாக்கில் 297 மீட்டர் தலையாறு அருவி வெள்ளை நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. ஊரே நின்று செல்ஃபி எடுக்கிற அந்த அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் காயில் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “செல்ஃப் அடி... போதும் போதும்... ரேஸ் குடு... ஏன் குடுத்தே?” என்று உத்தரவுகள் பறந்தன. டென்-லெவன் ஸ்பேனர் கேட்டு வாங்கினார். வாங்கியதைக் கையில் வைத்திருந்ததோடு சரி.

பின்னால் வழி கிடைக்காமல் நின்ற பண்ணைக்காட்டு ஜீப்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். பானட் பக்கம் திரும்பவே இல்லை.

“நிக்கிறப்ப டக்குன்னு நின்னுச்சா, விக்கி விக்கி நின்னுச்சா?”

“விக்கி விக்கித்தாண்ணே.”

“அப்ப கரண்ட் இல்ல. பனில வந்தப்பவும் இப்படித்தானா?”

“போன மாசம் நல்ல பனிண்ணே, அப்பவும் நின்னுச்சு.”

“அப்ப சூடும் இல்ல. டேங்க் மூடி ஒரிஜினலா?”

“அது தொலஞ்சுபோச்சு. பூட்டு வச்ச மூடி ஒண்ணு வாங்கிப் போட்டேன்.”

சாவி வாங்கித் திறந்தார். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போகிற சத்தம் ரோட்டோரம் வரை கேட்டது. பெட்ரோல் போகப்போக அந்த இடத்துக்குக் காற்று வர மூடியில் சின்ன வழி இருக்க வேண்டும். இதில் இல்லை. ஊருக்குள் பால் வாங்கப் போய் வரும்போது தெரியாது. இரண்டாவது கியரில் மலையேறும்போது பெட்ரோல் குடிக்கிற வேகத்தில் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுத்தாலும் வராது. கொஞ்ச நேரம் நின்றால் சந்து பொந்து வழியாகக் காற்று கசிந்து வண்டி கிளம்பும். “மேல போய்ச் சேர்ற வரைக்கும் ரெண்டு மூணு வளைவுக்கு ஒருக்கா திறந்து மூடிக்க. ஊருக்குப் போனதும் சரியான மூடி வாங்கிப் போடு” என்று சொல்லிவிட்டு ஜீப்காரர் போய்விட்டார். பேர் கேட்கக்கூட நேரம் தரவில்லை.

அம்பாசிடர் ஒரே செல்ஃபில் எடுத்தது. நம்மவர் ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தார். “பெட்ரோல் சப்ளைன்னு முதல்லயே சொன்னேன்ல? வாசத்துலயே தெரிஞ்சுபோச்சு.”

இப்போது கார்ப்பரேட்டரும் பாயிண்ட்டும் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அவர் தொழில் படுத்துவிடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். “சென்சார் போயிருக்கும்” என்ற ஒரே வார்த்தையில் பிழைத்துக்கொண்டார். சூட்டில் கண்டென்சர் காட்டிய அதே கண்ணாமூச்சியை இன்று கிராங்க் சென்சார் காட்டுவதால், பல சமயம் பொருந்தியும் போகிறது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குப் போகும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். ஆலோசனைக்கு இன்னும் கேட்கவில்லை.

அவரைக் கண்டால் விரட்ட வேண்டாம். நல்ல மனுஷர், அவர் பேசுகிற நேரத்தில் இஞ்சினும் ஆறுகிறது. ஆனால் வண்டி கிளம்பிவிட்ட சந்தோஷத்தில் அவரும் மறக்கிறார், நீங்களும் மறக்கிறீர்கள்: டயருக்கு முட்டுக் கொடுத்த கல் ரோட்டிலேயே கிடக்கிறது. இருட்டில் பனிக்குள் இறங்கி வருகிற பைக்காரர் கண்ணுக்கு அது தெரியாது. தயவுசெய்து அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வண்டியில் ஏறுங்கள்.