சூரிச் கடிதம்: பஸ் ஓடும் நாட்டில் நடப்பவர்கள்

சுவிட்சர்லாந்தில் நடந்து திரிவதற்கென்றே 65,000 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. பூமத்திய ரேகையைச் சுற்றிவர 40,000 கிலோமீட்டர் போதும். அதைவிட ஒன்றரை மடங்கு நீளத்தை, இலங்கையின் மூன்றில் இரண்டு பங்கு பரப்புக்கூட இல்லாத ஒரு நாடு காட்டுக்குள்ளும் மலைச்சரிவிலும் வயலோரத்திலும் மடித்து மடித்து வைத்திருக்கிறது.

இந்த நடைக்கு ஜெர்மன் மொழியில் ‘வாண்டர்ன்’ என்று பெயர். வேலைக்குப் போவது, கடைக்குப் போவது, சீனி வருத்தத்துக்காக வைத்தியர் சொன்னார் என்று மாலையில் கைவீசி நடப்பது எதுவும் இதில் சேராது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலேறி ஓரிடத்தில் இறங்கி, இரண்டு மூன்று மணி நேரம் காட்டுவழி நடந்து, வேறோரிடத்தில் மறுபடி ரயிலேறி வீடு திரும்புவதுதான் வாண்டர்ன். முதலாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு நேராகவே வாகனம் உண்டு என்பது நடப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நடக்கிறார்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது. இங்கே குடியேறிய தங்கள் பிள்ளைகளும் இதில் சேர்ந்துவிட்டார்கள் என்று கேள்விப்படும் ஊர்த் தாய்மார் தொலைபேசியில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “ஏன் பிள்ளை, அங்க பஸ் ஓடுறேல்லையோ?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. நடை தமிழருக்குப் புதிதல்ல. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடந்துபோகும் பாதயாத்திரைக்கு முன்னால் சுவிஸ்காரரின் ஞாயிற்றுக்கிழமை உலா ஒரு முற்றத்து நடை. ஆனால் அந்த யாத்திரைக்கு ஒரு நேர்த்தி இருக்கும். போய்ச் சேரும் இடத்தில் ஒரு வேல் இருக்கும். வாண்டர்னில் அப்படி எதுவும் இல்லை. போய்ச் சேரும் இடத்தில் ஒரு வாங்கு இருக்கும். அதில் ஐந்து நிமிடம் இருந்து, ஓர் அப்பிளைக் கடித்துவிட்டு எழும்ப வேண்டும்.

பாதைகளுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார். சூரிச் ஏரிக்கரையிலுள்ள மைலன் ஊரில் படிப்பித்த யோகான் யாக்கோப் எஸ், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிளவுசன் கணவாய் வழியே நடந்தபோது கார்கள் கிளப்பிய தூசியிலும் இரைச்சலிலும் வெறுத்துப்போனார் என்பது கதை. நடப்பவர்களுக்குத் தனிப்பாதை வேண்டும் என்று அவரும் கூட்டாளிகளும் 1934இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். நாடு முழுக்க ஒரே மாதிரி மஞ்சள் பலகை நட்டது அந்தச் சங்கம்தான். பிறகு நடைபாதை வேண்டுமா என்று மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். 1979 பெப்ரவரியில் நடந்த அந்த வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானோர் ‘ஆம்’ என்றதால் ஒற்றையடிப் பாதை நாட்டின் அரசியலமைப்புக்குள் ஏறியது. இதே நாட்டின் ஆண்கள் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கொடுத்தது 1971இல். ஆக, பெண்களுக்கும் ஒற்றையடிப் பாதைக்கும் எட்டு வருட இடைவெளிதான்.

1985இல் தனிச் சட்டமும் வந்தது. ஒரு நடைபாதையை எடுத்துவிட்டால் அதற்கு ஈடாக இன்னொன்று தர வேண்டும் என்கிறது அது. பாதைக்குத் தார் போடுவதுகூட அதற்குச் செய்யும் கெடுதியாகவே கணக்கிடப்படுகிறது. ‘எங்கள் ஒழுங்கைக்கு எப்போது தார் போடுவீர்கள்’ என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்டு வளர்ந்த மக்களுக்கு இந்தப் பிரிவை விளங்கப்படுத்துவது கஷ்டம். காட்டுக்குள் போகும் உரிமை இன்னும் பழையது. 1912இல் நடைமுறைக்கு வந்த குடியியல் சட்டம், தனியார் காடானாலும் வழக்கமான அளவில் எவரும் நுழையலாம், காளானும் காட்டுப்பழமும் பறிக்கலாம் என்கிறது. அயல் காணியில் விழுந்த மாங்காயை எடுத்ததற்கு வழக்குப் பேசிய ஊர்களிலிருந்து வந்தவர்கள், முதல் தடவை நாவல் நிறக் காட்டுப்பழத்தைப் பறிக்கும்போது இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

பலகைகள் மூன்று வகை. முழு மஞ்சள் என்றால் சாதாரணப் பாதை. சப்பாத்து இருந்தால் போதும். நுனியில் வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை. நல்ல சப்பாத்தும் தலைசுற்றாத தலையும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை ஆல்ப்ஸ் உச்சிகளுக்கானது. அங்கே கயிறு, பனிக்கோடரி என்று பேச்சு வரும். இந்தக் கடிதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏறக்குறைய 50,000 பலகைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் தூரம் இருக்காது. நேரம் மட்டும் இருக்கும். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடப்பவரை வைத்து, ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட நேரம் அது. இளைப்பாறும் நேரம் அதில் அடங்காது.

இந்த 4.2 கிலோமீட்டர் ஆசாமி யார் என்பது புலம்பெயர்ந்தோரிடையே நெடுநாள் ஐயம். அவர் படம் எடுப்பதில்லை. பின்னால் வரும் மாமிக்காக நிற்பதில்லை. கனடாவிலிருந்து வரும் தொலைபேசியை எடுத்து, மரத்தடியில் நின்று, ஒரு கல்யாணப் பேச்சை முடித்துவிட்டு நடையைத் தொடர்வதும் இல்லை. ஆகவே பலகையில் ‘1 மணி 40 நிமிடம்’ என்றிருந்தால் தமிழ்க் குடும்பங்கள் அதை இரண்டால் பெருக்கிக்கொள்வது வழக்கம். சித்தப்பா ஒருவர் கூட வந்தால் இரண்டரையால்.

சாப்பாடு தனி அதிகாரம். உள்ளூர்க்காரரின் பையில் ஓர் அப்பிள், ஒரு துண்டு பாண், ஒரு துண்டு சீஸ், ஒரு சொக்லேட் கட்டி இருக்கும். தமிழ்க் குடும்பத்தின் பைகளில் கட்டுச்சோறு, பொரித்த மிளகாய், கட்லட், ரோல்ஸ், மிக்ஸர், சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சித் தேநீர், இவை போதாமல் போனால் என்ற பயத்தில் ஒரு முழுப் பாணும் சம்பலும் இருக்கும். நடையின் முதல் பாதியில் இந்தப் பாரத்தைக் கையிலும் இரண்டாம் பாதியில் வயிற்றிலும் சுமக்க வேண்டும். எது கடினம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

காட்டோரங்களில் நெருப்பு மூட்டக் கல் அடுக்கிய இடங்கள் இருக்கின்றன. பல இடங்களில் இரும்புத் தட்டியும் வெட்டிய விறகும்கூட உள்ளூராட்சி வைத்துவிட்டுப் போயிருக்கும். அவற்றை எவரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்பது முதல் ஆச்சரியம். மழை பொய்த்த கோடையில் மாநில அரசு ஒரு வார்த்தை சொன்னால் அந்த மாநிலம் முழுக்க அந்த அடுப்புகள் அணைந்துவிடும் என்பது இரண்டாவது. இங்கே சுடப்படுவது ‘செர்வெலா’ என்ற கட்டைத் தொத்திறைச்சி. இரு நுனியையும் குறுக்காக வெட்டி, குச்சியில் குத்திச் சுட்டால் நுனிகள் பூப்போல விரியும். இதை மூடும் தோல் பிரேசில் நாட்டுத் திமில் மாட்டின் குடல். மாட்டு நோய்ப் பயத்தில் அதன் இறக்குமதி தடைபட்டபோது, 2008 வாக்கில், தேசியத் தொத்திறைச்சியைக் காப்பாற்ற ஒரு பணிக்குழுவே அமைத்தார்கள். அந்தத் திமில் மாடுகளில் பெரும்பாலானவை ‘நெலோரே’ இனம். பெயர் நம்முடைய நெல்லூரிலிருந்து போனது. சென்னையிலிருந்து சில மணி நேரத் தொலைவிலுள்ள ஊரின் மாட்டு வம்சம் பிரேசில் சுற்றி சூரிச் காட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சைவக்காரர்கள் இதைக் கேட்டு இரட்டிப்பாக வருந்துகிறார்கள். அவர்கள் அதே நெருப்பில் சோளப்பொத்தி சுட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தடவுவார்கள். பக்கத்து நெருப்பிலிருந்து யாராவது எட்டிப் பார்த்துச் செய்முறை கேட்காமல் போனதில்லை.

காட்டுக்குள் வணக்கம் கட்டாயம். டிராமில் இருபது நிமிடம் முழங்கால் இடிக்க எதிரே இருந்தாலும் முகம் பாராத அதே மனிதர், மரங்கள் தொடங்கியதும் “குரூயெட்சி!” என்று முகம் மலர்வார். எதிரே வருவது கூட்டமானால் “குரூயெட்சி மிதெனான்ட்” என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல வேண்டும். பதிலுக்கும் அதே சொல். வெயில் நல்ல ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரத்தில் நூறு குரூயெட்சி செலவாகும். ஊர்ப் பழக்கத்தில் நின்று ‘எங்க போறியள்?’ என்று விசாரிப்பது தவறு. அவர்கள் எங்கும் போகவில்லை.

மாடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலைப்பாதைகள் பல மேய்ச்சல் நிலத்தின் நடுவே போகின்றன. கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றிப்போக வேண்டும், கன்றைத் தடவக் கூடாது, நாயைக் கயிற்றில் பிடிக்க வேண்டும் என்று படம் போட்ட பலகை இருக்கும். தமிழர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். பசுவைக் கண்டதும் தொட்டுக் கும்பிடக் கை தன்பாட்டில் நீளும். கழுத்தில் பெரிய மணி கட்டி, 600 கிலோ எடையில் நிற்கும் சுவிஸ் பசு அந்தக் கையை அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதமில்லை. தூர நின்று கும்பிடுவதே நடைமுறை.

சூரிச்சில் புதிதாக நடக்கப் பழகுபவர்களுக்கு ஊட்லிபெர்க் மலைதான் அரிவரி வகுப்பு. 870 மீட்டர் உயரம். உள்ளூரில் அதை மலை என்கிறார்கள். ஆல்ப்ஸ் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்தவர் சிரிக்க மாட்டார்கள், அவர்களுடைய குடாநாட்டில் கீரிமலைக்குப் பெயரில் மட்டுமே மலை இருக்கிறது. 1875இலிருந்து மேலே ரயில் ஓடுகிறது. இப்போது சூரிச் பெரிய ஸ்டேஷனிலிருந்து அரை மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். உச்சியில் சிற்பி புரூனோ வெபர் செய்த, மான் உருவ விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன. நவம்பரில் நகரம் முழுக்க மூடுபனியில் கிடக்கும்போது இங்கே மட்டும் வெயில் அடிப்பதுண்டு. அந்த நாட்களில் ரயிலில் நிற்க இடம் கிடைக்காது.

அங்கிருந்து தெற்கே மலைமுகட்டோடு ஃபெல்செனெக் வரை போவது கிரகப் பாதை. 1979இல் அமைத்தார்கள். சூரிய மண்டலத்தை நூறு கோடியில் ஒரு பங்காகச் சுருக்கி வழிநெடுக வைத்திருக்கிறார்கள்: ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் கிலோமீட்டர். தொடக்கத்தில் ஆளளவு மஞ்சள் உருண்டையாகச் சூரியன். 150 மீட்டரில் பூமி, ஒரு சுண்டல் கடலையைவிடச் சற்றே பெரிது. 228 மீட்டரில் செவ்வாய். எத்தனையோ கல்யாணங்களைத் தடுத்து நிறுத்திய கிரகத்தை இங்கே மூன்றேகால் நிமிடத்தில் கடந்துவிடலாம். பலகை ஆசாமியின் 4.2 கிலோமீட்டர் வேகம் இந்த அளவில் ஒளியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஐன்ஸ்டைன் படித்த நகரத்தில் இது துணிச்சலான ஏற்பாடு. முழங்கால் வலியோடு பின்தங்கி வரும் மாமியும் ஒளியை முந்திக்கொண்டுதான் வருகிறார்.

வியாழன் ஒரு சிறு தேங்காய் அளவில் 778 மீட்டரில் கிடக்கிறது. அதன் பின் சனி, சூரியனிலிருந்து சுமார் 1.4 கிலோமீட்டரில். சனி சூரியனைச் சுற்ற 29 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதைப் பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு இரண்டரை ஆண்டு. மூன்று ராசிக்கு ஏழரை. சோதிடரும் வானியலாளரும் ஒத்துப்போகும் இடம் இது ஒன்றுதான் போலும். மற்றக் கிரகங்களோடு நின்று படம் எடுக்கும் குடும்பங்கள் இங்கே மட்டும் நடையைத் துரிதப்படுத்துவதால், பலகை நேரத்தை எட்டிப் பிடிக்கும் ஒரே பகுதியும் இதுவே. ராகு, கேது இல்லாததால் நவக்கிரகம் முழுமையில்லை என்று பெரியவர்கள் குறைப்படுவார்கள். பதிலுக்கு யுரேனஸும் நெப்டியூனும் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டரில் புளூட்டோவும் இருக்கின்றன. புளூட்டோவைக் கிரகப் பட்டியலிலிருந்து 2006இல் நீக்கினார்கள். பாதையின் கடைசியில் அது இன்னும் இருக்கிறது. சட்டப்படி இங்கே பாதையில் எதையும் எடுப்பது லேசல்ல.

இடது பக்கம் கீழே ஏரி, முன்னால் தூரத்தில் பனிமலைகள், நடுவே பீச் மரக்காடு. இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய நடை. ஃபெல்செனெக்கிலிருந்து 1954இல் தொடங்கிய தொங்குவண்டி ஐந்து நிமிடத்தில் அட்லிஸ்வில்லில் இறக்கிவிடும். அங்கே சீல் ஆற்றங்கரைப் பக்கம் சிவசுப்பிரமணியர் கோவில் இருக்கிறது. குன்றின் உச்சியில் முருகன், அடிவாரத்தில் சாப்பாட்டுக்கடை என்பது நாம் அறிந்த ஒழுங்கு. இங்கே உச்சியில் சாப்பாட்டுக்கடை, அடிவாரத்தில் முருகன். ஆனால் கதிர்காமத்திலும் பெரிய கோவில் மலையில் இல்லை; கீழே மாணிக்க கங்கைக் கரையில்தான். இதைக் கண்டுபிடித்துச் சொன்ன பெரியவர் யாரென்று தெரியவில்லை. அவருடைய வாக்குக்குப் பிறகு கிரகப் பாதை சில வீடுகளில் ‘நேர்த்தி நடை’ ஆகிவிட்டது. ஊருக்குச் சொல்லவும் வசதி: “கோவிலுக்கு நடந்து போனனாங்கள்” என்றால் பஸ்ஸைப் பற்றி எந்தத் தாயும் கேட்பதில்லை.

வீடு திரும்பியதும் முதல் வேலை, உடம்பில் உண்ணி பார்ப்பது. புல்லில் இருந்து ஏறும் இந்தச் சிறு பூச்சி மூளையழற்சிக் கிருமியையும் லைம் நோயையும் பரப்பக்கூடியது. முதலாவதற்குத் தடுப்பூசி உண்டு, இரண்டாவதற்கு இல்லை. முழங்கால் மடிப்பு, அக்குள், காதோரம் என்று தேடி, கிடைத்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் வைக்கக் கூடாது. வேப்பெண்ணெய் வைத்தால் விழுந்துவிடும் என்று சொல்லும் பாட்டிமாரை இந்த ஒரு விஷயத்தில் கேட்பதற்கில்லை.

அடுத்தது சேறு. சப்பாத்தைப் படிக்கட்டுக்கு வெளியே தட்டிவிட்டுத்தான் மாடிப்படி ஏற வேண்டும். கீழ்வீட்டுப் பெண்மணி கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். சேறான காற்சட்டைகளை உடனே தோய்க்கவும் முடியாது. மாடிக் கட்டடங்களில் தோய்க்கும் அறை நிலவறையில் பொதுவாக ஒன்றுதான், வீட்டுக்கு வீடு முறை வைத்து. ஞாயிற்றுக்கிழமை பல கட்டடங்களில் மெஷினைத் தொடவே கூடாது. திங்கள் இரண்டாம் மாடிக்கு, செவ்வாய் மூன்றாம் மாடிக்கு. நாலாம் மாடித் தமிழ்க் குடும்பத்துக்கு வியாழக்கிழமை, காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை. அதுவரை அந்தக் காற்சட்டைகள் பால்கனியில் ஒரு பொலித்தீன் பையில் இருக்கும்.