ஷேடு தாங்கி: யாரும் கேட்காத ஓர் ஆய்வு

விளக்கு ஷேடு ஏன் எப்போதும் கொஞ்சம் கோணலாகவே நிற்கிறது என்ற கேள்விக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை ஓர் இருக்கை அமைக்கவில்லை. பல்பைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை உண்டு, பள்ளிப் பாடத்தில் இடம் உண்டு. ஷேடுக்கும் குறைவில்லை, நியூயார்க்கின் டிஃபனி பட்டறையில் செய்த வண்ணக் கண்ணாடி ஷேடுகளை இன்று அருங்காட்சியகங்களில் தனி வெளிச்சம் போட்டுக் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று, ஒன்றின் சூட்டையும் மற்றதன் பாரத்தையும் வாய்பேசாமல் சுமக்கும் பித்தளை வளையத்துக்கு மட்டும் ஒரு மாலை கிடையாது. இக்கட்டுரை அந்தக் குறையைப் போக்க முற்படுகிறது. போக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆய்வு மரபுப்படி முதலில் வரையறை. பல்பு ஹோல்டரின் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஷேடின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வேண்டியபோது அதை ஏற்றவும் இறக்கவும் சாய்க்கவும் இடம்கொடுக்கும் உறுப்பே ஷேடு தாங்கி. ஏற்றி இறக்கவேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பதுதான் ஆய்வின் மையம். அதற்கு காஸ் விளக்குக் காலத்துக்குப் போகவேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் லண்டன், நியூயார்க் வீடுகளில் எரிந்தது காஸ். தீ மேல்நோக்கித்தான் எரியும் என்பதால் கண்ணாடி ஷேடும் வாயை மேலே காட்டியபடி ஒரு தட்டு வளையத்தில் உட்கார்ந்திருந்தது. அதைத் தனியாகப் பிடிக்க ஆள் தேவைப்படவில்லை. புவியீர்ப்பு சம்பளம் வாங்காமல் அந்த வேலையைப் பார்த்தது. தீக்குக் காற்று வேண்டும். ஆகவே ஷேடின் அடிவாய் அகலமாக இருந்தது. 4 அங்குலம் என்பது சாதாரண அளவு.

பிறகு மின்சார பல்போடு எடிசனும் ஸ்வானும் வந்தார்கள். 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையம் ஓடத் தொடங்கியது. பல்புக்குக் காற்று தேவையில்லை. உள்ளே காற்று புகுந்தால்தான் அதற்குச் சாவு. ஷேடின் கழுத்து அகலமாக இருக்கவேண்டிய காரணம் போயிற்று. அமெரிக்காவில் அது 2¼ அங்குலமாகச் சுருங்கி அங்கேயே நின்றுவிட்டது; இன்றும் பழைய பாணி கண்ணாடி ஷேடு வாங்கப்போகிறவர் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்கவேண்டும். பெரிய மாற்றம் வேறொன்று. பல்பைத் தலைகீழாகத் தொங்கவிடலாம். தொங்கவிட்டார்கள். மின்சாரத்தை முழுதாக நம்பாத வீட்டுக்காரர்கள் சில காலம் இரண்டையும் ஒரே சரவிளக்கில் வைத்துக்கொண்டார்கள்: காஸ் கைகள் மேல்நோக்கி, மின்சாரக் கைகள் கீழ்நோக்கி. ஒரே கூரையின் கீழ் ஒரு ஷேடு உட்கார்ந்திருக்க, இன்னொன்று தொங்கியது. தொங்கும் ஷேடைப் பொறுத்தவரை புவியீர்ப்பு கட்சி மாறிவிட்டது. ஷேடு தாங்கி என்ற தனிப்பிறவி எடுக்க நேர்ந்தது இந்த இடத்தில்தான்.

அன்றைய தீர்வு எளிது. கிண்ணம் போன்ற ஒரு பித்தளை மூடி; அதன் விளிம்பில் மூன்று துளைகள்; துளைக்கு ஒன்றாக, விரலால் முறுக்கும் மூன்று திருகாணிகள். கண்ணாடிக் கழுத்தின் விளிம்பு சற்றுப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்குக் கீழே மூன்று ஆணி முனைகளும் நுழைந்தால் ஷேடு நிற்கும். ஏன் மூன்று என்பதில் கணிதம் இருக்கிறது. ஒரு வட்டத்தைத் தீர்மானிக்க மூன்று புள்ளிகள் போதும். நான்காவது ஆணி போட்டால், நான்கில் ஒன்று எப்போதும் கண்ணாடியைத் தொடாமல் சும்மா நிற்கும். ஆனால் மூன்றிலும் ஒரு பொறி உண்டு. ஓர் ஆணியை முடிந்தமட்டும் முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறவர், ஷேடை ஒருபக்கமாகத் தள்ளிவிட்டுத்தான் போகிறார். மூன்றையும் சுற்றுமுறையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவதே சரி. ஏணியில் நின்று ஒரு கையால் ஷேடைத் தாங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பொறுமை வருவதில்லை. உலகக் கோணல்களில் பெரும்பகுதிக்கு இதுவே காரணம் என்பது இவ்வாய்வின் முதல் கருதுகோள்.

இரண்டாவது கருதுகோளுக்கு வெப்பவியல் துணை வருகிறது. ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் பித்தளை தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 19 பங்கு நீள்கிறது. சாதாரணக் கண்ணாடி 9 பங்குதான். விளக்கு எரிந்து 50 டிகிரி ஏறியது என்று வைத்துக்கொண்டால், 57 மில்லிமீட்டர் அகலமுள்ள வளையம் கண்ணாடியைவிட ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் அதிகம் விரியும். தலைமயிரின் பருமனில் பாதிகூட இல்லை. ஆனாலும் பிடி தளரும், ஷேடு ஆடும். பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் சூட்டோடு சூடாக ஆணியை முறுக்குகிறார். விளக்கை அணைத்ததும் பித்தளை தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கிறது. நடுவில் கண்ணாடிக் கழுத்து. நள்ளிரவில் 'டக்' என்று ஒரு சத்தம். மறுநாள் காலை பூனை மீது பழி விழுகிறது. தளர்ந்த ஷேடு கோணலாக நிற்கும், இறுகிய ஷேடு தரையில் கிடக்கும் என்ற இந்த இக்கட்டிலிருந்து தப்பிக்கக் காப்புரிமை கோரிப் பலர் முயன்றார்கள். திருகாணிக்குப் பதில் ஸ்பிரிங் வைத்தவர்கள் உண்டு, சுருங்கி விரியும் கம்பி வளையம் வைத்தவர்கள் உண்டு. அமெரிக்கக் காப்புரிமைப் பழைய ஏடுகளில் ஷேடு தாங்கிகளுக்குப் பஞ்சமே இல்லை.

இனி ஏற்ற இறக்கம். முதல் பல்புகளில் கரி இழை. வெளிச்சம் மங்கல், நேராகப் பார்த்தாலும் கண் கூசாது. ஷேடு அலங்காரத்துக்குத்தான். 1904இல் ஹங்கேரியில் டங்ஸ்டன் இழைக்குக் காப்புரிமை வாங்கினார்கள்; 1910 வாக்கில் அமெரிக்காவில் கூலிட்ஜ் டங்ஸ்டனை மெல்லிய கம்பியாக இழுக்க வழிகண்டார்; 1913இல் லாங்மியூர் பல்புக்குள் வாயு நிரப்பினார். ஒவ்வொரு முறையும் வெளிச்சம் கூடியது. கூடவே பல்பின் நீளம் மாறியது, இழை உட்காரும் உயரம் மாறியது. ஷேடு மட்டும் மாறவில்லை. வீட்டில் ஒரு முறை வாங்கிய கண்ணாடியை எந்த மகராசி தூக்கிப்போடுவாள்? பல்பு செய்கிறவரும் ஷேடு செய்கிறவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத சம்பந்திகள்; நடுவில் ஓடி ஓடிச் சமாதானம் செய்யும் தரகர் வேலை தாங்கிக்கு வந்து சேர்ந்தது.

பட்டகம் பட்டகமாக வார்த்த ஹோலோஃபேன் கண்ணாடி விற்றவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ப்ளோந்தெல், ப்சரூதாக்கி இருவரும் 1890களில் உருவாக்கிய அந்தக் கண்ணாடி, இழை சரியான இடத்தில் நின்றால்தான் ஒளியை நினைத்த திசைக்கு மடக்கும். ஒரு விரற்கடை தவறினால், விலை கொடுத்து வாங்கிய அத்தனை பட்டகமும் வீண். ஆகவே வெவ்வேறு உயரத் தாங்கிகளுக்கு ஏ, எச், ஓ என்று எழுத்துகள் கொடுத்து, எந்தப் பல்புக்கு எது என்று விற்றார்கள். ஏற்றி இறக்கும் தாங்கி இருந்தால் இந்த எழுத்துக் கூட்டலே வேண்டியதில்லை. அதை விற்க வந்தவர்களின் வாதமும் அதுதான்.

டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சன் 1920களில் இதே சிக்கலைத் தலைகீழாக அணுகினார். மூன்று ஷேடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, இழை கண்ணில் படாதபடி வளைவுகளைக் கணக்கிட்டார். அழகான கணக்கு. பல்புக் கம்பெனிகள் அந்தக் கணக்கைப் பொருட்படுத்தாமல் பல்பின் வடிவத்தை மாற்றிக்கொண்டே போயின. மனிதர் வெறுத்துப்போய் 1958இல், எந்தப் பல்பு போட்டாலும் கண் கூசாதபடி ஒரு விளக்கை வரைந்தார். 50 சென்டிமீட்டர் அகலம் கொண்ட அதற்குப் பிஎச் 5 என்று பெயர். தரகரை நம்பாமல் பெண்வீட்டாரே முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்ட அரிய நிகழ்வு அது.

சாய்க்கும் தாங்கிகளின் கதை தனி. 1909இல் ஹாரிசன் மெக்ஃபாடின் காப்புரிமை கோரிய எமரலைட் மேசைவிளக்கில் பச்சைக் கண்ணாடி ஷேடு இரு பக்கமும் தாங்கி நிற்க, முன்னும் பின்னும் சாயும். சினிமாவில் வங்கி மேலாளரைக் காட்டவேண்டுமென்றால் இன்றும் அந்தப் பச்சை விளக்கைத்தான் மேசையில் வைக்கிறார்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் ஜார்ஜ் கார்வர்டைன் கார் சஸ்பென்ஷன் வடிவமைப்பவர். எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கும் ஸ்பிரிங் கைக்கு 1932இல் காப்புரிமை கோரினார். ஸ்பிரிங் செய்து கொடுத்தது ரெடிட்ச் ஊரின் ஹெர்பர்ட் டெர்ரி நிறுவனம். முதலில் நான்கு ஸ்பிரிங். 1935இல் வீட்டு உபயோகத்துக்கு மூன்று ஸ்பிரிங். ஆங்கிள்பாய்ஸ் என்று உலகம் அறிவது இதைத்தான். நார்வேயின் யாக் யாக்கப்சன் 1937இல் இதே வழியில் லக்ஸோ விளக்கைக் கொண்டுவந்தார்.

அந்த லக்ஸோவை முன்வைத்து ஜான் லாசெட்டர் 1986இல் பிக்ஸார் நிறுவனத்துக்காக இரண்டு நிமிடப் படம் எடுத்தார். பெரிய விளக்கு ஒன்று, குட்டி விளக்கு ஒன்று, ஒரு பந்து. கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது. ஷேடு சாயும் கோணம் ஒன்றில்தான் ஆசை, வெட்கம், ஏமாற்றம் எல்லாம். படம் திரையிட்டதும் கணினி வரைகலை நிபுணர் ஜிம் பிளின் எழுந்து வந்தபோது, நிழல் வரைந்த தொழில்நுட்பத்தைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று லாசெட்டர் எதிர்பார்த்தார். பிளின் கேட்டது, பெரிய விளக்கு அம்மாவா அப்பாவா என்று. ஷேடு தாங்கி வரலாற்றில் இதைவிடப் பெரிய பாராட்டுப் பத்திரம் இல்லை.

தமிழ்நாட்டில் இந்தத் துறை சற்று வினோதமாக வளர்ந்தது. பிரிட்டன் வழியாக நமக்கு வந்தது இரண்டு முளை வைத்த பின் பல்பு. அதற்கான பேக்கலைட் பென்டன்ட் ஹோல்டரின் அடியில் மரை போட்ட ஒரு வளையம் இருக்கும். ஷேடின் துளையை ஹோல்டரில் நுழைத்து, கீழிருந்து வளையத்தைத் திருகினால் வேலை முடிந்தது. மூன்று ஆணி வம்பே இல்லை. நம் வீடுகளில் ஷேடு போட்டவர்கள் குறைவு. வெறும் பல்பு, அதன் தலைக்கு மேல் வெறும் வளையம். தலைமுறை தலைமுறையாக ஒன்றையும் பிடிக்காமல் அது தொங்கியது. பாரிமுனைப் பக்கத்து எலெக்ட்ரிக் கடைகளில் நடக்கக்கூடிய உரையாடல் இது:

"அண்ணே, இந்த வளையம் எதுக்கு?"

"அது ஹோல்டரோட வர்றது தம்பி."

இதைவிடச் சுருக்கமான ஆய்வுச் சுருக்கத்தை எழுதுவது கடினம்.

விதிவிலக்கு கேரம் கிளப். உலகச் சாம்பியனும் அர்ஜுனா விருதாளருமான மரிய இருதயத்தைத் தந்த சென்னையில், சந்துக்குச் சந்து இருந்த மன்றங்களில் பலகைக்கு நேர் மேலே ஒரு தகர ஷேடு தாழத் தொங்கும். ஷேடின் அறிவியல் தமிழ் மண்ணில் உண்மையாகவே தேவைப்படுவது இங்கேதான். பலகையின் ஆடுதளம் 74 சென்டிமீட்டர் சதுரம். நடுவிலிருந்து குழி இருக்கும் மூலை வரை ஏறத்தாழ 52 சென்டிமீட்டர். ஷேடின் விளிம்பு பலகையிலிருந்து 45 உயரத்தில், அதன் ஆரம் 15, பல்பின் ஒளி மையம் விளிம்புக்கு 15 மேலே என்று கொள்வோம். வடிவொத்த முக்கோணப்படி ஒளிவட்டத்தின் ஆரம் 60. நான்கு குழிகளும் வெளிச்சத்தில்.

மன்றச் செயலாளர் நீளமான சிஎஃப்எல்லைக் கழற்றிவிட்டுக் குட்டையான எல்இடி போடுகிறார். ஒளி மையம் 4 சென்டிமீட்டர் உள்ளே ஏறிவிடுகிறது. ஆரம் 51க்கும் கீழே இறங்கிவிடும். பலகை முழுக்கப் பளிச்சென்று இருக்க, நான்கு குழிகள் மட்டும் அரையிருட்டில். ஏற்றி இறக்கும் தாங்கி இருந்தால் ஷேடை அதே 4 சென்டிமீட்டர் மேலே தள்ளி ஆணியை இறுக்கிவிடலாம். ஆரம் 64க்குப் போகும். அது இல்லாத மன்றத்தில் யாராவது ஸ்டூல் போட்டு ஏறி வயரில் ஒரு முடிச்சுப் போடவேண்டும். முடிச்சு மொத்த விளக்கையும் 5 சென்டிமீட்டர் தூக்கினால் ஆரம் 54ஐத் தாண்டும், குழிகளுக்கு வெளிச்சம் திரும்பும். ஸ்டூலைத் தேடி எடுத்து வருவதற்குள், ரெட் காயைப் போட்டுவிட்டு அதைத் தொடர்ந்து போடவேண்டிய ஃபாலோவைக் கோட்டைவிட்டவர் "லைட் சரியில்லப்பா" என்று எழுந்து போயிருப்பார். இந்த ஒரு முறை அவர் சொல்வது கணக்குப்படி சரி.